தோன்றா எழுவாய்: திருத்தணிக்குக் கிழக்கே ஒரு தொன்மைத் தொழிற்களம்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்கு நகரி மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அத்தொடரின் முகடு ஒன்று மூக்குப்போல் முன்னோக்கி நீண்டிருத்தலின், முற்காலத்துக் கடலோடிகள் அதனை ‘நகரி மூக்கு’ எனப் பெயரிட்டுக் கரை அடையாளமாகக் கொண்டனர். கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் கொற்றலையாறு பாய்கின்றது. மக்கள் வழக்கில் அது கொசத்தலையாறு. அவ்வாற்றின் குறுக்கே 1944-இல் கட்டப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கமும், அதற்கு வடக்கே அல்லிக்குழிக் குன்றுகளும், அக்குன்றுகளின் காப்புக்காட்டினுள் குடியம் குகைகளும், ஆற்றை அடுத்து அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரும் உள்ளன.

இன்று இங்கு வருவோர் பலர், பறவை காணவும் காட்டுவழி நடக்கவும் குகை நிழலில் இளைப்பாறவும் வருகின்றனர். முட்புதரும் உருள்கல்லும் நிறைந்த இந்நிலத்தை மனிதன் கை படாத இயற்கை என்றே அவர்கள் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், இக்காட்டின் அடியில் உலகின் மிகப் பழைய தொழிற்களங்களுள் ஒன்று புதைந்து கிடக்கின்றது என்பதும், அதனைக் காக்கும் முறையில் நாம் ஒரு பிழை செய்து வருகின்றோம் என்பதும் இக்கட்டுரையில் நாம் காட்டக் கருதியவை.

‘தொழில்’ என்னும் சொல்

தொல்பொருளாய்வாளர், ஒரே முறையில் ஒரே காலத்தில் ஆக்கப்பெற்ற கற்கருவித் தொகுதியை ஆங்கிலத்தில் ‘இண்டஸ்ட்ரி’ என்பர். கொற்றலையாற்றுப் பகுதியில் கிடைத்த கைக்கோடரிகளையும் பிளப்புக் கருவிகளையும் ‘சென்னைத் தொழில்’ எனவும், இன்று பாக்கித்தானத்தில் உள்ள சோவான் ஆற்றங்கரையிற் கிடைத்த கூழாங்கற் கருவிகளைச் ‘சோவான் தொழில்’ எனவும் 1930-களின் ஆய்வாளர் வேறுபடுத்தினர். தமிழில் எழுதுவோர் பலர், ‘தொழில்’ என்றால் ஆலையும் பொறியும் நினைவுக்கு வரும் என்று அஞ்சிப்போலும், இச்சொல்லை விடுத்துப் ‘பண்பாடு’ என்றோ ‘மரபு’ என்றோ எழுதுகின்றனர்.

அவ்வாறு அஞ்ச வேண்டுவதில்லை என்பது நம் கருத்து. தமிழிலக்கண மரபில் தொழில் என்பதும் வினை என்பதும் நெருங்கிய உறவின. ஒரு வினைச்சொல், அதனைச் செய்வோன் ஒருவனையும், அவன் கைக்கொண்ட கருவியையும், செய்கையையும், அது நிகழ்ந்த இடத்தையும், பொழுதையும், அதனால் விளைந்த பொருளையும் உணர்த்தவல்லது என்பது நன்னூலார் கொள்கை. இவ்வாறும் கூடிய வழியே வினை நிறைவுறும். இந்த அளவுகோலைக் கொண்டு அத்திரம்பாக்கத்துச் சான்றுகளை ஆராயின், எவை நம் கையில் உள்ளன, எது இல்லை என்பது தெளிவாகும்.

கண்டுபிடிப்பின் வரலாறு

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858-இல் பணியேற்ற இராபர்ட் புரூசு ஃபூட் என்பார், 1863 மே 30 அன்று சென்னைக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில், படைப் பயிற்சித் திடலை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டப்பட்டிருந்த ஒரு சிறு பள்ளத்தினின்று எறியப்பட்ட கற்களிடையே, மனிதனாற் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அவரும் அவர்தம் துறைத் தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்து ஓடையில் இத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர். பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுச் சரளையிற் கிடைத்த கற்கருவிகள் மனிதன் ஆக்கியனவே என்று இங்கிலாந்து அறிஞர் ஒப்புக்கொண்டது 1859-இல் தான். நான்கே ஆண்டுகளில் அவ்வுண்மை தமிழகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

ஈண்டு இரண்டு செய்திகளை நாம் உற்று நோக்குதல் வேண்டும். முதலாவது, பழைய தொழிலின் சான்றை வெளிக்கொணர்ந்தது புதிய தொழிலே என்பது. சரளைப் பள்ளம் வெட்டப்படாதிருப்பின் பல்லாவரத்துக் கல் ஃபூட்டின் கண்ணிற் பட்டிராது. இரண்டாவது, ஃபூட் 1866-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே சென்னை மாவட்டமும் வடார்க்காடு மாவட்டமும் இணைத்துக் கூறப்பட்டமை. திருத்தணி அந்நாளில் வடார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுட் சென்றது; 1953-இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று; எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தை அடைந்தது; 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. நகரியோ எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. ஒரே ஆற்றுப் படுகை இரு மாநிலங்களிற் பகுக்கப்பட்டமையால், அதன் வரலாறும் இரு கூறாக எழுதப்படுகின்றது. கல்லைத் தேடி அலைந்த தொல்மாந்தர்க்கு இவ்வெல்லை இல்லை.

ஃபூட்டுக்குப் பின்னர் வி. டி. கிருஷ்ணசாமி 1938-இல் சென்னையைச் சூழ்ந்த பகுதியின் தொல்பழஞ் சூழலைப் பற்றி எழுதினார். டி டெர்ரா, பாட்டர்சன் ஆகிய இருவர்தம் நூல் 1939-இல் வெளிவந்தது. கொற்றலையாற்றின் படிக்கட்டுப் போன்ற மேட்டுநிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திக் கருவிகளின் முறைவைப்பைக் காணுதல் இவர்தம் வழியாகும். 1960-களில் நடுவண் அரசின் தொல்லியல் துறையைச் சார்ந்த கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் அகழ்ந்தார். 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய அகழ்வாய்வே இவ்விடத்தின் வரலாற்றைப் புதுக்கியது.

நிலம்

தொழிற்கு முதல்வேண்டுவது மூலப்பொருள். இங்கே அது குவார்ட்சைட்டு என்னும் கடினக்கல். நகரிமலை போன்ற மலைகள் இக்கல்லால் ஆயவை. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்னர், பழைய நீரோட்டங்கள் இத்தகைய மலைகளைத் தேய்த்து, கற்களை உருட்டி, வழவழப்பாக்கிக் கொணர்ந்து குவித்தன. அக்குவியல் இறுகிப் பாறையாகியதே அல்லிக்குழிக் குன்றுகளிற் காணப்படும் உருள்கற் படிவம். மழையும் வெயிலும் அப்பாறையைச் சிதைக்கச் சிதைக்க, உள்ளிருந்த உருள்கற்கள் மீண்டும் விடுபட்டுச் சரிவுகளிலும் ஓடைகளிலும் பரவின. கருவி செய்வோனுக்கு மலையை உடைக்க வேண்டிய தேவை நேரவில்லை. கைக்கு அடங்கும் கல் முதல் இரு கையாலும் தூக்கவேண்டிய கல் வரை, தேர்ந்தெடுக்கத் தக்க கற்கள் தரையிலேயே கிடந்தன. கல்லும் நீரும் அருகருகே கிடைத்தமையே இத்தொழில் இங்கு நிலைபெற்றதற்குத் தலையாய காரணம் என்க.

அத்திரம்பாக்கத்து மண்ணடுக்கு ஏறத்தாழ 9 மீட்டர் ஆழமுடையது. மேலே சரளையும் செம்புரை மண்ணும், அடியில் களிமண்ணும் உள்ளன. இவ்வடிக்களிமண்ணை முன்னையோர் மனிதனுக்குக் கோடிக்கணக்கான ஆண்டு முற்பட்ட பழம்படிவம் என்றே கொண்டனர். அதனுள் கருவி காணப்பட்ட இடத்தும், மேலிருந்து வெடிப்புக்களின் வழியே நழுவி வீழ்ந்தது என்று அமைதி கூறினர். புதிய அகழ்வாய்வு இக்கருத்தைத் தகர்த்தது. களிமண்ணும் வெள்ளத்தால் மெல்லப் படிந்த பிற்காலப் படிவமே. அதனுள்ளேயே கருவிகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. ‘இது வெறும் இயற்கை’ என்று எண்ணிய இடத்தில்தான் மிகப் பழைய தொழில் மறைந்திருந்தது. காட்டை நோக்கும் இன்றைய பயணியின் பிழையும் களிமண்ணை நோக்கிய அன்றைய அறிஞரின் பிழையும் ஒரு தன்மையன.

செய்கையும் கருவியும் செய்யப்பட்ட பொருளும்

இக்களிமண் அடுக்கே தொழிலின் அமைப்பையும் நமக்கு அறிவிக்கின்றது. வெள்ளம் மெல்லக் கொணர்ந்த நுண்மண்ணில் பெருங்கல் இயல்பாகக் கிடைக்காது. ஆதலின் அதனுட் காணும் கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையில் ஏந்திக் கொணர்ந்ததே ஆதல் வேண்டும். இஃது உய்த்துணர்வாயினும் உறுதியுடையது.

செய்முறை பின்வருமாறு. பெருங்கல் ஒன்றை மற்றொரு கல்லாகிய சுத்தியால் தக்க கோணத்தில் தாக்கின், அகன்ற செதில் ஒன்று பெயரும். குவார்ட்சைட்டின் நுண்மணிகள் இறுகப் பிணைந்திருத்தலால், முறிவு மணிகளைச் சுற்றிச் செல்லாது ஊடுருவிச் செல்ல, கூரிய விளிம்பு உண்டாகும். அச்செதிலின் இருமுகத்தும் சிறு செதில்களைப் பெயர்த்து, ஒருபுறம் கூர்மையும் மறுபுறம் கைப்பிடிக்கத் தக்க பருமையும் அமையச் செய்தது கைக்கோடரி. செதிலின் இயற்கை விளிம்பையே நேரான வாயாக விட்டுப் பக்கங்களை மட்டும் சீர்செய்தது பிளப்புக் கருவி. பிரான்சின் செயின்ட் அச்சூல் என்னும் இடத்தின் பெயரால் இம்முறையை அச்சூலியம் என்பர்.

அத்திரம்பாக்கத்தின் களிமண் அடுக்கில் பெருஞ்செதிலாற் செய்த கருவிகள் உள்ளன. அச்செதில்களைப் பெயர்த்தற்குரிய மாபெரும் மூலக்கற்கள் இல்லை. ஆயின் சீர்செய்தபோது வீழ்ந்த சிறு செதில்கள் உள்ளன. இதனாற் போந்த பொருள் யாது? பெருஞ்செதிலைப் பெயர்த்தது கல் கிடைத்த இடத்தில். நிறைவு செய்ததும் பயன்படுத்தியதும் ஆற்றங்கரையில். மூலப்பொருளைத் தேர்தல், அரைகுறையாக வடித்தல், சுமந்து செல்லல், முடித்தல், தேய்ந்தவழிப் புதுக்குதல் என்னும் படிகள் வெவ்வேறிடத்து நிகழ்ந்தன. நாளை வேண்டுவதை இன்றே எண்ணிக் கல் சுமந்த முன்னோக்கு இதிற் புலனாகின்றது. கொல்லன் உலைக்களத்தும் தச்சன் பட்டறையிலும் நாம் காணும் ஒழுங்கின் வேர் இஃது எனின் மிகையாகாது. ஆதலின், குன்று ஒரு பட்டறை, ஓடை மற்றொரு பட்டறை. இரண்டையும் இணைக்கும் நடைவழியும் தொழிற்களத்தின் உறுப்பே ஆகும்.

அதே அகழ்வில் விலங்குகளின் புதைபற்களும், ஈரமண்ணிற் பதிந்த விலங்குக் காலடிக் குழிகளும் காணப்பட்டன. நீர் பருக வந்த விலங்கும் அதனை நாடி வந்த மனிதனும் ஒரே சேற்றில் நடந்தனர்.

காலம்

நெடுங்காலம் இக்கருவிகளின் காலம் ஊகத்தளவிலேயே நின்றது. 2011-இல் வெளியான ஆய்வு இந்நிலையை மாற்றியது. அதன் முறையைச் சுருங்கக் கூறுவோம். தரைமேற் கிடக்கும் கல்லின்மேல் விண்கதிர்கள் தாக்க, அதனுள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் இருவகை அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதையுண்டவுடன் இவ்வாக்கம் நின்று, சிதைவு மட்டுமே தொடரும். அலுமினியம் பெரிலியத்தினும் ஏறத்தாழ இருமடங்கு விரைவிற் சிதையும். எஞ்சியுள்ள இரண்டன் விகிதத்தைக் கணக்கிடின், புதைந்த காலம் விளங்கும். அன்றியும், புவியின் காந்தமுனைகள் இடம்மாறிய செய்தி மண்ணடுக்கிற் பதிந்திருத்தலின், அதுவும் சான்றாயிற்று. கடைசி மாற்றம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது. அத்திரம்பாக்கத்து அடியடுக்குகள் அதற்கு முற்பட்ட எதிர்முனைக் காந்தத்தைக் காட்டின.

இவ்விரு வழியாலும், இங்குள்ள அச்சூலியக் கருவிகள் குறைந்தது 10,70,000 ஆண்டு பழமையுடையன எனவும், பல மாதிரிகளின் சராசரி 15 இலட்சம் ஆண்டளவில் நிற்கின்றது எனவும் அறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் இம்முறை தோன்றியது ஏறத்தாழ 17 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர். ஆகவே அது தென்னிந்தியாவை மிக முற்படவே எய்தியது என்பது தேற்றம்.

2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு மேலடுக்குகளைப் பற்றியது. ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னர் இங்குக் கைக்கோடரி படிப்படியாகக் குறைந்து, மூலக்கல்லை முன்னரே வடிவுபடுத்தி வேண்டிய செதிலைப் பெயர்த்தெடுக்கும் இலெவல்வா முறை வளர்ந்தது எனவும், ஏறத்தாழ 1,72,000 ஆண்டுகட்கு முன்வரை அது தொடர்ந்தது எனவும் அவ்வாய்வு கூறுகின்றது. இம்முறை மிகப் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவினின்று வந்த மக்களாற் கொணரப்பட்டது என்னும் கொள்கை இதனால் ஐயத்திற்குரியதாயிற்று. இதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஒரே களத்தில் ஒரு தொழில்முறை தேய்ந்து மற்றொன்று தழைத்தமையை அடுக்கடுக்காகக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

செய்வோன்

ஆறனுள் ஐந்தைக் கண்டோம். எஞ்சியது செய்வோன். ஈண்டுத்தான் நம் புலவருலகம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். இக்கருவிகளைச் சுட்டித் தமிழினத்தின் பழமை 15 இலட்சம் ஆண்டு என மேடைகளிலும் ஏடுகளிலும் கூறுவார் உளர். அஃது ஆராய்ச்சிக்கு ஏலாது. இன்றைய மனித இனம் தோன்றியதே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர் என்பது ஆப்பிரிக்கச் சான்றுகளால் அறியப்படுவது. அதனினும் ஐந்து மடங்கு முற்பட்ட கைகள் எம்மொழியினரின் கைகளும் அல்ல. இந்தியாவில் இத்தகைய தொல்மாந்தரின் மண்டையோட்டுப் பகுதி 1982-இல் நருமதைப் பள்ளத்தாக்கின் ஆத்நோராவிற் கிடைத்தது. கொற்றலையாற்றுக் கைகளை நாம் அவற்றின் செய்கையால் மட்டுமே அறிகின்றோம்.

ஆகவே அத்திரம்பாக்கத்து வரலாறு தோன்றா எழுவாயை உடைய ஒரு தொடர். ‘வந்தான்’ எனத் தனித்து நிற்கும் வினை தன் எழுவாயைத் தன்னுள் அடக்கி நிற்றல்போல, இங்கும் வினை செய்வோனை உள்ளடக்கி நிற்கின்றது. அவ்வெழுவாயின் இடத்தில் நம் பெயரை எழுதிக்கொள்ளுதல் இலக்கணமும் அன்று, வரலாறும் அன்று. தமிழ்நிலம் வேறு, தமிழினம் வேறு. நம் நிலத்தின் பெருமையைக் கூறுதற்கு நம் இனத்தின் வயதை நீட்டவேண்டுவதில்லை.

காப்பும் கடமையும்

எழுவாய் தோன்றாத தொடரில் ஏனைய உறுப்புக்களே பொருளைத் தாங்குகின்றன. அவற்றுள்ளும் நிலமே தலையாயது. எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றின் அருகே கிடந்தது என்னும் செய்தியின்றி எடுக்கப்பட்ட கைக்கோடரி, காலத்தையும் கூறாது, செய்கையையும் கூறாது. அழகிய கல்லாக எஞ்சும். ஃபூட் தம் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகத்திற்கு அளித்தபோது, ஒவ்வொரு கருவிக்கும் கிடைத்த ஊரைக் குறித்தே அளித்தார். 1914, 1916 ஆகிய ஆண்டுகளில், அவர் மறைந்த பின்னர் வெளிவந்த அட்டவணை நூல்கள் இன்றும் பயன்படுவது அதனாலேயே.

தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1985-இல் பூண்டியில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தமை போற்றத்தக்கது. காப்புக்காடு மரத்தைக் காக்கின்றது. அருங்காட்சியகம் கருவியைக் காக்கின்றது. ஆயின் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தரையைக் காப்பார் யார் என்பதே நம் வினா. பெரும்பாலான கருவிகள் கிடக்கும் செம்புரைச் சரளைதான் சாலையிடவும் மனை மேடாக்கவும் எளிதில் அகழப்படும் பொருள். ஃபூட்டின் காலத்தில் ஒரு பள்ளத்தை மண்வெட்டியால் தோண்டப் பல நாளாயின. வெளிவந்த கல்லை ஒருவர் குனிந்து நோக்க இடமிருந்தது. இன்று பொறிகள் ஒரு பொழுதில் அள்ளுவதை நோக்க எவருக்கும் இயலாது. அன்று சரளைத்தொழில் கற்கருவித்தொழிலை நமக்குக் காட்டியது. இன்று அதனை அழிக்க வல்லதாயிற்று. இதுவே நாம் தொடக்கத்திற் குறித்த பிழை: பொருளைக் காத்து நிலத்தை இழத்தல்.

இதற்கு நாம் கருதும் வழிகள் மூன்று. முதலாவது, குன்று, சரிவு, ஓடை, ஆறு என்பவற்றைத் தனித்தனியே கொள்ளாது, ஒரே தொழிற்களமாக வரைபடத்திற் குறித்தல். இரண்டாவது, எல்லைக்கு அப்பாலுள்ள நகரி, சத்தியவேடு பகுதிகளின் ஆய்வையும் இதனுடன் இணைத்தல். தமிழறிஞரும் தெலுங்கறிஞரும் இதிற் கூடியுழைத்தல் இன்றியமையாதது. மூன்றாவது நம் மாணவர்க்குரியது. இப்பகுதிச் சிற்றூர்களிற் கல்லுக்கும் மண்ணுக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் வழங்கும் பெயர்களைத் திரட்டுதல் வேண்டும். நிலத்தோடு பழகியோர் மண்ணை நுட்பமாகப் பகுத்துப் பெயரிடுவர். அப்பெயர்கள் தொல்லியலார்க்கு வழிகாட்டுதலோடு, கலைச்சொல் ஆக்குவார்க்கும் கைகொடுக்கும்.

திருத்தணி மலையினின்று நாம் காணும் நிலக்காட்சி முன்போலவே இருக்கும். நகரிமலை வடக்கே நிற்கும். கிழக்கே ஆற்று வெளி விரிந்து கிடக்கும். ஆயின் அவ்விடைவெளியில் 15 இலட்சம் ஆண்டுகட்கு முன் ஒருவன் கல்லைத் தேர்ந்து, தூக்கிப் பார்த்து, தகாததை எறிந்து, தக்கதைச் சுமந்து நடந்தான் என்பதை அறிந்தபின், அதனைப் பாழ்நிலம் என்று கூற நமக்கு நா எழாது. அவன் பெயரை நாம் அறியோம். அவன் நின்ற இடத்தை அறிவோம். அதனை உள்ளவாறே பின்வருவோரிடம் ஒப்படைத்தல் நம் கடன்.